கடைசி நாவலும் முதல் களாக்காயும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் ப்ளூபெர்ரி வாங்கினேன் என்று சொன்னாயே, ராத்திரி முழுக்க அதே நினைப்பு. உடம்பின் செல்கள் கெடாமல் காக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்களாம், ஒரு சின்ன டப்பாவுக்கு அவ்வளவு விலை. வாங்கினது தப்பில்லை, நல்ல பழம்தான். ஆனால் அதற்கு நீல நிறம் தருகிற ஆந்தோசயனின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் நம் ஏரிக்கரை நாவல் பழத்திலும் இருக்கிறது கண்ணு, டெல்ஃபினிடின், மால்விடின் என்று அதே வகை நிறமிகள்தான், நீ பாவாடையில் கட்டிக்கொண்டு வந்து தின்று வளர்ந்தது அதைத்தான்.

மூணாம் வகுப்பில் உன் வெள்ளைச் சட்டையில் நாவல் கறை பட்டு, அம்மா சோப்பு போட்டதும் அது நீலமாக மாறியது ஞாபகம் இருக்கிறதா? நீ மிரண்டுபோய் சட்டையோடு என்னிடம் ஓடிவந்தாய், நான் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன், கறை சிவப்புக்குத் திரும்பியது. அமிலம் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் நீலமாகும், அதுதான் ஆந்தோசயனின். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியிருக்கிறேன், அன்றைக்கு உன் முகம் மலர்ந்த மாதிரி ஒரு வகுப்பிலும் பார்த்ததில்லை.

சதையைவிடத் தோலில்தான் அது அதிகம், அதனால் தோலோடு தின்னு. நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு டானின், அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். ஒன்று மட்டும் மனசில் வை, சோதனைக்குழாயில் காட்டுகிற வேகம் முழுசும் உடம்புக்குள் நடக்காது, குடல் உறிஞ்சுவது கொஞ்சம்தான். நாவல் கொட்டைப் பொடியை நம்பி உன் மாமியார் சர்க்கரை மாத்திரையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள். சி வைட்டமினுக்கு நெல்லிக்காய் போதும், ஆரஞ்சைவிடப் பல மடங்கு.

இங்கே ஆடி பிறந்ததும் குன்றில் களாக்காய் வந்துவிட்டது. ஆந்திராவின் பலமனேர் சந்தையில் களாக்காய் என்று கேட்டால் முழிப்பார்கள், தெலுங்கில் வாக்காய் என்று கேட்க வேண்டும். இளஞ்சிவப்பு ஏறின காயைக் காம்போடு கிள்ளினால் வெள்ளையாய்ப் பால் கசியும், விரலெல்லாம் பிசுபிசுக்கும். எதிர்வீட்டு அக்கா புளிக்குப் பதில் இதைப் போட்டுத்தான் பப்பு, அதாவது பருப்புக் குழம்பு, வைக்கிறார், எனக்கும் ஒரு கிண்ணம் வந்துவிடும். பெக்டின் நிறைய இருப்பதால் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் தானாகவே ஜெல்லியாக இறுகிவிடும்.

மனசு தாங்காதது ஒன்றுதான். ஏரிக்கரையில் நாவல் கொட்டிக் கிடக்கிறது, பொறுக்க ஒரு பிள்ளை இல்லை. வண்டிச் சக்கரத்தில் நசுங்கி ரோடே ஊதாவாகிவிட்டது.

சரி, ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பெங்களூர் வருகிறார், தூக்கில் கடைசி நாவலும் பையில் களாக்காயும் கொடுத்து அனுப்புகிறேன். நாவலை அன்றைக்கே தின்றுவிடுங்கள், மறுநாள் புளித்துவிடும். களாக்காயைப் பிளந்து விதையை எடுத்துவிட்டுத் துவரம்பருப்போடு வேகவை, புளி வேண்டாம். சின்னவனுக்கு ஒரு நாவலை வெள்ளைத் துணியில் நசுக்கிச் சோப்பு போட்டுக் காட்டு. என்ன கேட்டான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா