கேரியர் மூட்டையும் பின்பக்கச் சிவப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொண்டலாம்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதும் நான், சேலம் குகைப் பகுதியில் உள்ள வீட்டுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் சைக்கிளில்தான் திரும்புகிறேன். சென்ற மாதம் பின்னால் வந்த சரக்கு வேன் ஒன்று ஹேண்டில்பாரை உரசிவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, "அண்ணா, நீங்க முன்னாடி போறதே தெரியலைங்க" என்றார். முன்பக்கம் நல்ல எல்இடி விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் இரவு சைக்கிளைத் தெருமுனையில் நிறுத்தி, மகனின் பைக்கை விளக்குடன் பின்னால் வரச் சொல்லிப் பார்த்தபோது, தவறு என்னுடையதும்தான் என்று தெரிந்தது. கேரியரில் கட்டியிருந்த நூல் கோன் மூட்டை தொங்கி, மட்கார்டில் இருந்த சிவப்பு ரிஃப்ளெக்டரை முழுவதும் மறைத்திருந்தது. மூட்டையை இறக்கிய பிறகும் அது மங்கலாகவே தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்தால் அத்தனை சேறு. பெடலில் இருந்த மஞ்சள் வில்லைகள் எப்போது உடைந்து விழுந்தனவோ தெரியாது. மேலும் கீழுமாக அசையும் அந்த மஞ்சளைக் கண்டுதான் முன்னால் போவது சைக்கிள் என்று ஓட்டுநர்கள் சட்டென்று அடையாளம் காண்கிறார்கள்.

முன்விளக்கு நாம் சாலையைப் பார்ப்பதற்கு. பின்பக்கச் சிவப்போ பிறர் நம்மைப் பார்ப்பதற்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும் என்பதால், ஓட்டுநர் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள்ளாகவே பாதி தூரம் போய்விடுகிறது. ரிஃப்ளெக்டருக்குச் சொந்த ஒளி கிடையாது. தன்மேல் விழுவதை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதோடு சரி. பழைய டைனமோ விளக்கோ, சிக்னலில் சக்கரம் நின்றதும் அணைந்துவிடும். (விளக்கில்லாத சைக்கிளைப் போலீசார் பிடித்து டயர் காற்றைப் பிடுங்கிவிட்ட காலத்தை நினைத்து இப்போது சிரிக்கிறோம், அந்தக் கெடுபிடியில் ஒரு நியாயம் இருந்தது.)

கரும்பு டிராக்டர்களின் பின்புறம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் போல, இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்தில் தறிக்கூடப் பகுதிகளிலும், மாலை சிறப்பு வகுப்பு விடும் பள்ளி வாசல்களிலும் போக்குவரத்துப் போலீசார் சைக்கிள்களுக்கும் ஒட்டித் தர வேண்டும். மாணவர்கள் கேரியரில் வைக்கும் புத்தகப் பையும் என் மூட்டையைப் போலவே ரிஃப்ளெக்டரை மறைத்துவிடுகிறது. சைக்கிள் கடைக்காரர்கள் பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கைச் சீட்டுக்கு அடியில் மாட்டாமல், கேரியரின் கடைசிக் கம்பியில் பொருத்தித் தரலாம். நான் அங்கேதான் மாட்டியிருக்கிறேன். மூட்டை இருந்தாலும் தெருமுனையிலிருந்தே தெரிகிறது என்கிறான் மகன்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் பயணி,
குகை, சேலம்.