ஒரே ஒரு படி போதும், பாதை முடிந்துவிடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடலோர நடைபாதைகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் நீளமும் காட்சிகளும் நன்றாகவே வந்திருந்தன. ஆனால் அந்தப் பாதைகளில் யாரெல்லாம் போக முடியும் என்று ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால் முதலில் எழுத வேண்டியதே அதுதான்.

வேல்ஸ் நாடு 2012 மே மாதம் தன் கடற்கரை முழுவதையும் ஒட்டி 870 மைல், அதாவது சுமார் 1,400 கிலோமீட்டருக்கு நடைபாதையைத் திறந்தபோது எல்லோரும் நீளத்தைத்தான் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அங்கே பெம்ப்ரோக்ஷயர் பகுதியில் நடந்த வேலை. வயல் வேலிகளைத் தாண்ட ஏறி இறங்கும் மரப்படிகள் பாதை நெடுக இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுத் திறந்து மூடும் கதவுகளை வைத்துக்கொண்டே வந்தார்கள். மணலில் புதையாத பருத்த டயர் போட்ட சக்கர நாற்காலிகளும் அங்கே கிடைக்கின்றன. பாறை முகடுகளில் எல்லா இடத்தையும் சமமாக்க முடியாது, சரி. முடிகிற இடத்திலாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஐந்து கிலோமீட்டர் வழவழப்பான பாதையின் தொடக்கத்தில் ஒரே ஒரு படி இருந்தாலும் சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த ஐந்து கிலோமீட்டரும் இல்லாததுதான்.

உடல்நலம் என்று வந்தாலும் இதே கதைதான். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகமாக நடந்தாலே போதும். ஆனால் மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். இளைஞருக்கு அது நல்ல பயிற்சி, மூட்டுவலியும் தடுமாற்றமும் உள்ளவருக்கோ அதுதான் வீட்டிலேயே இருந்துவிடக் காரணம். அவருக்குத் தேவை கெட்டியான தரை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, அப்புறம் உட்கார இடம். நூறு மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் நடக்க முடியாதவர்கூட, இடையிடையே பெஞ்சு இருந்தால் ஒரு கிலோமீட்டர் போய்வருவார். பெஞ்சு வெறும் அலங்காரம் என்று நினைத்துத்தான் செலவைக் குறைக்கும்போது முதலில் அதில் கை வைக்கிறார்கள், இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம்.

இன்னொன்று, பாதை சரியில்லாவிட்டால் குடும்பத்தில் ஒருவர் காரிலேயே உட்கார்ந்திருக்க மற்றவர்கள் கடலைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தை, வெள்ளைக்கோல் பிடித்து நடப்பவர், எல்லோரும் ஒரே பாதையில் போகும்போதுதான் தினம் எதிரில் வருபவர் பழக்கமாகிறார், நான்கு நாள் வராவிட்டால் விசாரிக்கிறார். தனியாக வாழும் முதியவர்களுக்கு இந்த விசாரிப்பு மருந்துக்குக் குறைந்ததில்லை.

திறப்பு விழாவோடு வேலை முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடற்காற்று மணலை அள்ளிப் பாதையில் போடும், உப்பு கைப்பிடியை அரிக்கும், மரப்பலகை ஊறி வழுக்கும். கூட்டவும் பழுது பார்க்கவும் ஆளும் பணமும் ஒதுக்காத பாதை சீக்கிரமே நன்றாக நடப்பவர்களுக்கு மட்டும் என்றாகிவிடும்.

அடுத்த முறை எந்தக் கடலோரப் பாதையைப் பற்றி எழுதினாலும், படிகள் எங்கே, சரிவு எவ்வளவு, பெஞ்சுகளுக்கு இடையே எவ்வளவு தூரம், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை உண்டா என்பதைக் கட்டுரையோடு சேர்த்துக் கட்டம் கட்டிப் போடுங்கள். கிளம்புவதற்கு முன்பே இது தெரிந்தால்தான் பலர் கிளம்பவே செய்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்