படம் பார்த்தவர்களுக்கும் அரைப் பக்கம் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

காட்பாடியிலிருந்து சென்னைக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸில் சீசன் டிக்கெட்டில் போய் வருகிறவன் நான். ஒன்பது வருடமாக அதே பெட்டி, ஏறக்குறைய அதே முகங்கள். திங்கட்கிழமை காலையில் எங்கள் பெட்டியில் அரசியல் கிடையாது, ஆபீஸ் புலம்பல் கிடையாது. சனி, ஞாயிறில் யார் என்ன படம் பார்த்தார்கள் என்பதுதான் பேச்சு. அது அரக்கோணம் தாண்டியும் ஓடும்.

குடியாத்தத்தில் ஏறும் வக்கீல் குமாஸ்தா ஒருவர் இதற்கு இரண்டு சட்டம் போட்டு வைத்திருக்கிறார். படத்தைப் பார்த்தவர்தான் பேசலாம். வசூல் கணக்கை யாரும் எடுக்கக் கூடாது. "நூறு கோடி வந்தா உனக்கு இன்னா, எனக்கு இன்னா? படத்தப் பத்திப் பேசு" என்பார். இந்த இரண்டு சட்டத்தால்தான் எங்கள் பேச்சு இத்தனை வருடம் நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்ற எண்ணம் முதலில் வந்தது 2024 செப்டம்பரில் 'மெய்யழகன்' வந்தபோது. முதல் நாள் இரவுக் காட்சிக்கே போய்விட்டேன். ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். சொந்த ஊரை விட்டு வந்த ஒருவன் பல வருடம் கழித்துத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகிறான். அங்கே தன்னைக் கொண்டாடும் ஒரு உறவுக்காரனின் பெயர்கூட அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அந்த ஒரு சங்கடத்தை வைத்துக்கொண்டு படம் மெதுவாகப் போகிறது. எங்கள் அப்பா விற்றுவிட்டு வந்த ஆரணி வீட்டின் திண்ணை எனக்கு ஞாபகம் வந்தது. படம் முடிந்த பிறகும் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தேன்.

அடுத்த வாரம் ரயிலில் ஒரு காட்சியைப் பற்றி ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டுக்காரர் விழித்தார். "இன்னா சார் சொல்றீங்க, அப்படி ஒரு சீனே இல்லியே!" அவரும் தியேட்டரில்தான் பார்த்திருக்கிறார், என்னைவிட நாலைந்து நாள் கழித்து. அதற்குள் நீளம் அதிகம் என்ற பேச்சு கிளம்பி, 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். ஒரே படம், ஒரே ஊர், ஆளுக்கொரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். வெட்டிய பிறகு படம் விறுவிறுப்பாக இருந்தது என்று அவர் சொன்னார், அது அவர் அபிப்பிராயம், சரி. எனக்கு மனசு ஆறவில்லை. அந்த நீளத்தில்தான் அந்த ஊரே எனக்குக் கிடைத்தது.

அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது? தியேட்டர் வாசலில் நடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலூரில் ஒரு தியேட்டர். இருட்டிலிருந்து வெளியே வந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும்போதே மைக்கை நீட்டிவிடுகிறார்கள். "படம் எப்படி, ஒரே வார்த்தையில சொல்லுங்க." எனக்கு முன்னால் வந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கையில் பேத்தி. "இப்பதானே தம்பி வெளிய வரேன், வீட்டுக்குப் போய் யோசிச்சாதானே சொல்ல முடியும்" என்றார். மைக் உடனே பக்கத்தில் நின்ற பையனிடம் போனது. அவன் "மொக்கை" என்று கத்தினான், கூட இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். அன்று சாயங்காலம் அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். பையன் இருந்தான், அம்மா இல்லை. அன்றைக்கு அங்கே சினிமாவைப் பற்றிச் சரியாகப் பேசியவர் அவர் ஒருத்தர்தான்.

இதற்கு மருந்து என்று சொல்லி, 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் சங்கம் யூடியூப் சேனல்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள் யாரும் விமர்சனமே போடக் கூடாது என்று உயர்நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். அவர்கள் போட்ட பணம், அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் காசு கொடுத்துப் பார்த்தவன் வாயைக் கட்டுவது நியாயம் ஆகாது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று அன்றைக்கே சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு. நான் கேட்பது வேறு. யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்ன அந்த அம்மா யோசித்து முடித்த பிறகு எங்கே போய்ச் சொல்வார்?

2025 மே மாதம் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து படகேறி வந்த ஒரு குடும்பம் சென்னையில் ஒரு தெருவில் குடியேறும் கதை. எங்கள் பெட்டியில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. சிரித்தோம், அழுதோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஜன்னல் ஓரத்தில் உட்காரும் ஒரு பெண் மட்டும் வாயே திறக்கவில்லை. இரண்டு, மூன்று திங்கட்கிழமை அப்படியே போனது. அப்புறம் ஒருநாள் தானாகவே சொன்னாள். அவள் வேலூர்ப் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவளாம். ஒரு வருடமாக எங்களோடு வருகிறாள், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்களைப் போலவே "இன்னா", "வந்துகினு" என்றுதான் பேசுவாள்.

வெளியே உங்கள் தமிழில் பேசாதீர்கள் என்று அந்தக் குடும்பத்திடம் சொல்வார்களே, அந்த இடத்தில் தியேட்டரே சிரித்ததாம். பக்கத்தில் இருந்த அவளுடைய அம்மம்மா சிரிக்கவில்லையாம். "வீட்டுக்கு ஒரு தமிழ், பஸ்ஸுக்கு ஒரு தமிழ்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான் சார்" என்றாள். சரி, அம்மம்மாவுக்குப் படம் பிடித்ததா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள். பிறகு முதல் தடவையாக எங்கள் பெட்டியில் அவள் வீட்டுத் தமிழில் பேசினாள்: "படம் வடிவா இருக்கு எண்டுதான் சொன்னவா. ஆனா எங்களுக்கு வீடு தர இப்பிடி ஒரு தெரு கிடைச்சதில்லை எண்டும் சொன்னவா."

பெட்டியில் ஒருத்தரும் பேசவில்லை. மேல்மொணவூரில் முகாம் மக்களுக்குப் புது வீடு கட்ட 2021 நவம்பரில் முதலமைச்சர் வந்து அடிக்கல் நாட்டியபோது, அதை நான் போக்குவரத்து மாற்றமாகத்தான் கவனித்தேன். பஸ்ஸில் எத்தனையோ முறை அந்த வழியே போயிருக்கிறேன். அந்தப் படத்தை எனக்கு முழுதாகக் காட்டியது அந்தப் பெண்ணின் பேச்சுதான். படம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சிறிய படங்களுக்கு அந்த ஒரு மாதம் கிடைப்பதே இல்லை. 2024 ஆகஸ்ட் 23, ஒரே நாளில் 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் வந்தன. 'வாழை' கொஞ்ச நாள் ஓடியது. 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவும் வண்டியும் போகும் சத்தம், கோழியின் சத்தம், பேசாமல் இருக்கும் ஒரு பெண். எங்கள் பக்கத்தில் பகல் காட்சி மட்டும் போட்டார்கள். லீவு போட்டுப் போகலாம் என்று நினைப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். பிறகு போனில்தான் பார்த்தேன். அந்த அமைதியைப் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தோடு கேட்க வேண்டியிருந்தது, அந்தக் குறை இன்னும் இருக்கிறது. எங்களில் மூன்று பேருக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை, கதை எங்கேயும் போகவில்லை என்றார்கள். பிடிக்காததற்கு அவர்கள் சொன்ன காரணத்தை ஒருத்தர் எழுதி வாங்கினால் நல்ல விமர்சனமாக இருக்கும்.

உங்களிடம் கேட்பது இதுதான். வெள்ளிக்கிழமை வரும் படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை உங்கள் இதழில் விமர்சனம் வருகிறது. அதைத் தவறாமல் படிக்கிறேன், அது இருக்கட்டும். படம் வந்து நாலு வாரம் கழித்து ஒரு அரைப் பக்கத்தை வாசகர்களுக்கு ஒதுக்குங்கள். மதிப்பெண் வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம், வசூல் வேண்டாம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவரும், குடியாத்தத்தில் தறி ஓட்டுகிறவரும், முகாமில் இருக்கும் பாட்டியும் என்ன பார்த்தார்கள் என்பதை அவர்கள் சொல்லிலேயே போடுங்கள். எழுத வராதவர்களிடம் நாங்கள் கேட்டு எழுதி அனுப்புகிறோம்.

எங்கள் பெட்டியில் வாலாஜா ரோட்டில் இறங்கிவிடும் தோல் தொழிற்சாலைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பாலாற்று மணலில் ரப்பர் பந்து கிரிக்கெட் ஆடுகிறவர். நன்றாக ஆடத் தெரிந்தும், சாதியைப் பார்த்து ஒருவனை டீமில் சேர்க்காத இடம் 'லப்பர் பந்து' படத்தில் வருகிறதே, அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தாலே ஸ்டேஷன் வந்துவிடும். பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார். பாதிதான் காதில் விழும். அவரிடம் நாலு வெள்ளைத் தாள் கொடுத்திருக்கிறேன். நீங்கள் சரி என்றால் முதல் வாரத்துக்கு அவருடையதை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஏலகிரி எக்ஸ்பிரஸ் பயணி ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்