சொற்கொப்பி தொடங்கிய ஆண்டு: கூத்துக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஐயா அவர்களே, மூத்த கூத்தர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டம் முதல் இன்றுவரை நடந்தவற்றை அறிக்கையாகச் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வழமையான விடயங்களைச் சுருக்கிச் சொல்லிவிட்டு, நிருவாக சபை இந்த ஆண்டு அதிக நேரம் இருந்து பேசிய ஒரு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு, மட்டக்களப்புக் கூத்து மரபுகளில் ஒன்றான வடமோடிக் கூத்துக்குச் சட்டம் கொடுத்தோம், அதாவது ஆடுவோருக்குப் பாத்திரமும் பாட்டும் பகிர்ந்தோம். சதங்கை அணிதல், முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல் எல்லாம் முறைப்படி நடந்தன. கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு முடிந்தபின் அரங்கேற்றம். விடியும்வரை ஆடினோம், சனமும் கடைசிவரை இருந்தது. மத்தளத்துக்குத் தோல் மாற்றினோம், ஒரு சோடி சல்லரி (தாளம்) வாங்கினோம், மண்டபத்தின் பின்பக்கத் தகரம் மாற்றப்பட்டது. குருமண்வெளியில் இருந்து பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவை) மண்டூர்த் துறையில் இறங்கி வரும் உறுப்பினர்களுக்காகக் கூத்துப் பழக்கத்தை, அதாவது ஒத்திகையை, பிற்பகலுக்கு மாற்றியது பலன் தந்தது. இந்த ஆண்டு அவர்களில் ஒருவரும் கடைசிப் பாதையைத் தவறவிடவில்லை.

சரி, முக்கிய விடயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு சேர்ந்தவர்களில் ஒருவர் கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும் தங்கை. தாளக்கட்டை ஒருமுறை காட்டினால் பிடித்துவிடுவார். பழக்கம் தொடங்கிச் சில கிழமைகளில் அவர் வருவதைக் குறைத்துக்கொண்டார். விசாரித்தபோது சொன்னார்: “மாமா, இஞ்ச எல்லாரும் ஒரு சொல்லச் சொல்லிப்போட்டுச் சிரிக்கீங்க. எனக்கு ஒருத்தரும் சொல்றீங்க இல்ல. என்னப் பற்றித்தான் சிரிக்கீங்களோ எண்டு நினைச்சி நித்திரையும் வருகுதில்ல.”

அன்று எல்லோரையும் சிரிக்க வைத்த சொல் ‘தவளை’. அவர் ஆட்டத்தில் ஒரு மிதியை மாற்றி மிதித்தார், அது அழகாக விழுந்தது. பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் “தவளை!” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு நமது களரியில், அதாவது கூத்து ஆடும் அரங்கில், இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

தெரியாதவர்களுக்காக அந்தக் கதையை இங்கேயே பதிந்துவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன், மழை விட்டும் ஈரம் காயாத வயற்கரையில் களரி கட்டி, பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் ஆடிய கூத்து. அரசனுக்கு ஆடியவர் பிரம்பு வளையம் வைத்த கரப்புடுப்போடு வரவு, அதாவது பாத்திரம் களரிக்குள் வரும் ஆட்டம், ஆடிக்கொண்டிருந்தார். பிரம்பு வளையத்துக்குக் கீழே ஒரு தவளை ஏறிவிட்டது. அரசன் தாளத்தை விட்டு ஒரு துள்ளுத் துள்ளினார். மத்தளக்காரர் நிறுத்தவில்லை, அந்தத் துள்ளலுக்கும் ஒரு அடி போட்டார். இரண்டாவது துள்ளலுக்கு சல்லரியும் சேர்ந்தது. மூன்றாவது துள்ளலில் தவளை வெளியே பாய்ந்து முன்வரிசையில் இருந்த பிள்ளைகளுக்குள் போனது. அதற்குள் சனம் விசிலடித்து, “அந்த ஆட்டத்த இன்னொருக்கா ஆடச் சொல்லுங்க” என்று கேட்கத் தொடங்கிவிட்டது. அப்போதைய அண்ணாவியார் கோபிக்கவில்லை. அரசனுக்குச் சரியாக நினைவில்லாத அந்த மூன்று துள்ளலையும் மறுநாள் அவரே ஆடிக் காட்டித் தாளக்கட்டில் சேர்த்தார். இன்றைக்கும் நமது அரசன் வரவில் அந்தத் துள்ளல் இருக்கிறது. திட்டமிடாமல் வந்த நல்ல காரியம் எதுவானாலும் நமக்குத் ‘தவளை’தான்.

இந்தக் கதையைக் கேட்டதும் தங்கை சிரித்த சிரிப்பை அன்று இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பிறகு அவர் ஒரு பழக்கமும் விடவில்லை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ‘சொற்கொப்பி’ ஒன்று தொடங்குவது என்று நிருவாக சபை முடிவெடுத்தது. கழகத்துக்குள் மட்டும் வழங்கும் சொல் ஒவ்வொன்றையும் அதன் கதையோடு எழுதி வைப்பதுதான் வேலை. மூத்த கூத்தர்களின் வீடுகளுக்கு இளைய உறுப்பினர்கள் போய் இருந்து, கேட்டு எழுதினார்கள். சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் பழைய உறுப்பினர்கள் குரல்பதிவு அனுப்பினார்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு கதை வந்த இடங்களில் இரண்டையும் எழுதினோம்.

எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது, சிலதை மட்டும் சொல்கிறேன். கூத்தில் அரசனுக்கு முன்னால் வருபவன் கட்டியகாரன்; பிளேன்டீக் கேத்தல் எப்போதும் தலைவருக்கு முன்னால் மண்டபத்துக்குள் வருவதால் அதற்குக் ‘கட்டியகாரன்’ என்று பெயர். பேச்சு நீண்டால் ‘வாழி பாடுங்க’ என்பார்கள், கூத்து வாழி பாடி முடிவதுபோல முடியுங்கள் என்று பொருள். ஒரு பொருள் காணாமற் போனால் ‘சூறாவளி கொண்டு போயிற்று’ என்போம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கழகத்தின் உடுப்புப் பெட்டி போனது உண்மை. ஆனால் போன வருடம் வாங்கிய வயர்ச் சுருளுக்கும் அதே பதிலைச் சொல்கிறார்கள், அதுவும் 1978இல் பிறக்காதவர்கள்! சந்தா நிலுவைக்கு ‘பதினெட்டாம் நாள்’ என்று பெயர், பாரதப்போர் முடியும் நாளில் தருவோம் என்று பொருள். இந்தச் சொல் ‘ப.நா.’ என்று சுருங்கிச் சந்தாப் புத்தகத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. கணக்காய்வு செய்தவர் அது என்ன வங்கி என்று கேட்டார். கணக்குப் புத்தகத்தில் இனி ‘நிலுவை’ என்று மட்டுமே எழுதப்படும் எனத் தீர்மானித்தோம். வாயால் சொல்வதற்குத் தடையில்லை.

‘ஆறு மணிக் கூத்து’ என்ற சொல்லை இளையவர்கள் அவசர வேலைக்குச் சொல்கிறார்கள். கறி அவசரமாகச் சமைத்தாலும் ஆறு மணிக் கூத்துத்தான். அதன் கதையை எழுதப் போனபோது பெரியவர்கள் உடனே சொல்லவில்லை. 1990களில் விடிய விடியக் கூத்தாட முடியாத காலம் ஒன்று இருந்தது. பொழுது பட்டால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வீதிகளில் ஈ காக்கை இருக்காது. ஒரு இரவு முழுக்க ஆட வேண்டிய கூத்தைப் பிற்பகலில் தொடங்கி, இருட்டுவதற்குள் முடித்து, உடுப்பைக் கழற்றக் கூட நேரமில்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். விருத்தப் பாட்டுகளை வெட்டினார்கள், சண்டைத் தருப் பாட்டுகளைக் குறைத்தார்கள், வாழியை மட்டும் விடவில்லை. “சிரிச்சாத்தான் மனே பயம் போகும், அதான் அப்பிடிப் பேர் வச்ச” என்றார் அதில் ஆடிய ஒருவர். அந்தக் காலத்தில் ஆட வந்து, பிறகு வராமலே போனவர்களும் உண்டு. அவர்கள் பெயர்களைக் கொப்பியின் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். அதை வாசித்த இளையவர்கள் சமையலுக்கு அந்தச் சொல்லைச் சொல்வதைத் தாங்களாகவே விட்டுவிட்டார்கள். நான் அதை மிகவும் மதிக்கிறேன்.

அடுத்து, பட்டப்பெயர்கள். நமது ஊரில் ஒரு பாத்திரம் நன்றாக ஆடினால் ஆடியவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிடும். வீமண்ணன், அர்ச்சுனன் சித்தப்பா என்று பிள்ளைகளும் கூப்பிடுகிறார்கள். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர் இளவயதில் பெண்பாத்திரம் ஆடியவர். ஊர் முழுவதுக்கும் அவர் ‘துரோபதை மாமா’. துகிலுரியும் கட்டத்தில் அவர் குரலைக் கேட்டுப் பெண்கள் சத்தம் போட்டு அழுத இரவுகளைப் பலர் சொல்கிறார்கள். அவர் காலமான அன்று வெளியூரில் இருந்து வந்தவர்கள் சந்தியில் நின்று பதிவுப் பெயரைச் சொல்லி வீடு கேட்டார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. ‘துரோபதை மாமா வீடு’ என்றதும் ஒரு சின்னப் பிள்ளை சைக்கிளில் முன்னால் போய்க் காட்டியது. மரண அறிவித்தல் பதாகையில் அந்தப் பெயரையும் போடட்டுமா என்று கழகம் குடும்பத்திடம் கேட்டது. “அதப் போடாட்டி ஆருக்கு அப்பாவத் தெரியும்?” என்று மகள் திருப்பிக் கேட்டார். போட்டோம்.

ஆனால் எல்லாப் பெயரும் அப்படியல்ல. சகுனிக்கு ஆடிய ஒரு உறுப்பினருக்கும் அந்தப் பெயர் நிலைத்தது. கழகத்துக்குள் அவர் அதைச் சந்தோசமாகவே ஏற்றார். அப்புறம் அது தேநீர்க் கடைக்குப் போனது, சந்தைக்குப் போனது, கடைசியில் அவர் மகளின் வகுப்புக்கும் போனது. ‘சகுனியின் மகள்’ என்று பிள்ளைகள் சொல்ல, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுத்திருக்கிறது. அவர் இதைக் கூட்டத்தில் சொன்னபோது சபை அமைதியாகிவிட்டது. சிலர் ‘கூத்துப் பெயர்தானே, பகிடிதானே’ என்றார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. பகிடிக்கு உரியவர் சிரிக்காத இடத்தில் அது பகிடி இல்லை.

இதற்கு வழி நமது முன்னோரிடமே இருக்கிறது. கண்ணகி அம்மனுக்காக இரு கட்சியாகப் பிரிந்து கொம்புகளைக் கொளுவி இழுக்கும் கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் ஒன்றை ஒன்று வசை பாடும். கேட்கக் காது கூசும் பாட்டுகளும் அதில் உண்டு. அந்த வசை அம்மன் முன்றலில், அந்தச் சடங்கு நாட்களுக்கு மட்டும் உரியது. கொம்பு முறிந்து விளையாட்டு முடிந்தால் மச்சான் மச்சான்தான், மாமன் மாமன்தான். நெற்களமான களவெட்டியிலும் அப்படித்தான். சூடு மிதிக்கும்போது, அதாவது வெட்டிய கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கும்போது, நெல்லை நெல் என்று சொல்வதில்லை, ‘பொலி’ என்போம். பேர் சொன்னால் பூதம் கேட்டு விளைச்சலைக் கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கை. களத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் நடப்புக்கும் தனிச் சொல் இருந்தது. நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அந்தக் களத்துப் பேச்சு வீட்டுக்குள் வருவதில்லை. பூதத்துக்குத் தெரியாமல் பேசினார்கள், கூட நின்று சூடு மிதித்தவனுக்குத் தெரியாமல் பேசவில்லை. நமது கழகத்துச் சொற்களும் அப்படி இருக்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான எண்ணம்.

ஆகவே நிருவாக சபை எடுத்த முடிவுகளை உங்கள் அங்கீகாரத்துக்கு வைக்கிறேன். புதியவர் ஒருவர் இருக்கும் இடத்தில் கழகச் சொல்லைச் சொன்னால், சொன்னவரே அந்த இடத்தில் கதையையும் சொல்ல வேண்டும். உரியவர் வேண்டாம் என்று சொல்லும் பட்டப்பெயரைக் கழகத்துக்குள்ளும் வெளியிலும் ஒருவரும் பயன்படுத்தக் கூடாது, காரணமும் கேட்கக் கூடாது. சகுனிக்கு ஆடிய அண்ணனை இனி அவர் சொந்தப் பெயரால் மட்டும் அழைப்போம். மகளின் பள்ளிக்கூடத்தில் நமது அண்ணாவியார் போய்ப் பிள்ளைகளுக்குச் சகுனி வரவை ஆடிக் காட்டி, கூத்தில் பொல்லாதவனுக்கு ஆடுவதுதான் கடினமான வேலை என்று விளங்கப்படுத்தினார். அந்த வகுப்பில் இருந்து மூன்று பிள்ளைகள் இப்போது சிறுவர் கூத்துக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் அண்ணனின் மகள்.

இந்தத் தீர்மானங்களால் கலகலப்புக் குறைந்துவிடும் என்று சில மூத்தவர்கள் கவலைப்பட்டார்கள். குறையவில்லை. கதை தெரிந்தவர்கள் கூடியதால் சிரிப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். தங்கைமார் சேர்ந்தபிறகு புதிய சொற்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. பெண்பாத்திரத்துக்கு ஆடும் ஆண் உறுப்பினர் சேலை உடுக்க உதவி கேட்டால் ‘கண்ணா கண்ணா’ என்று தொடங்கிவிடுகிறார்கள். இதையும் கொப்பியில் எழுதியாகிவிட்டது.

வரும் ஆண்டில் செய்ய வேண்டியவை: குரல்பதிவுகளை எழுத்தாக்குவது, துரோபதை மாமா பாடிய தருக்களைத் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சேர்ப்பது, சிறுவர் கூத்துக்கு உடுப்புத் தைப்பது. கரப்புடுப்புக்குப் பிரம்பு வளைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அந்த வேலையைப் பழக விரும்பும் இளைஞர்கள் இன்றே பெயர் தர வேண்டும்.

கொப்பி மண்டப அலுமாரியில் இருக்கிறது, திறப்பு உதவிச் செயலாளரிடம் உண்டு. யாரும் எடுத்து வாசிக்கலாம், பிழை இருந்தால் பென்சிலால் குறிக்கலாம். பக்கம் கிழிக்கக் கூடாது.

இவ்வாண்டு முழுவதும் துணை நின்ற அண்ணாவியாருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், பழக்கத்துக்குப் பிளேன்டீ தந்த அயல் வீட்டாருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையையும் இதில் உள்ள தீர்மானங்களையும் சபை ஏற்றுக்கொள்ள வேண்டும் என முன்மொழிகிறேன்.

செயலாளர்