மகளுக்கு, மாவலி தேடிப் போன கதை

மகள்,

சுகமா இருக்கிறியா. நேற்று கோல் எடுத்தனான், நீ வேலையில போல, அதான் எழுதுறன். போன கிழமை நானும் அம்மாவும் சித்தப்பா ஆக்களோட வான் பிடிச்சு நுவரெலியாப் பக்கம் மலைமேல இருக்கிற ஹோட்டன் சமவெளிக்குப் போய் வந்தம். இந்த வயசில உங்களுக்கென்ன விசரோ எண்டு கேப்பாய். 60 வருசமா மூதூர்ப் பக்கம் கடல்ல விழுற மாவலி ஆத்தைத்தானே பாக்கிறன், மாரியில கொட்டியாரக்குடாவே கலங்கிக் கிடக்கும், 335 கிலோமீட்டர் ஓடி வாற அந்தத் தண்ணி தொடங்குற இடத்தை ஒருக்காப் பாக்கோணும் எண்டு ஆசை.

விடிய 6 மணிக்கு வாசல்ல நிண்டம். 2100 மீட்டர் உயரம், புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்கு, அம்மா ரெண்டு சால்வையைப் போத்திக்கொண்டும் நடுங்கிறா. பேக்கைச் செக் பண்ணி பணிஸ் சுத்தின பொலித்தீனையெல்லாம் உரிச்சு எடுத்திட்டாங்கள். அம்மாவுக்குக் கோபம், எனக்குச் சந்தோசம். எங்கட கோட்டையடி மானுகள் சொப்பிங் பேக் தின்னுறதைப் பாத்தவன் நான்.

மான் எண்டா அங்க மரை. பாதையில இருந்து நாலு எட்டில ஒண்டு நிண்டது, மாடளவு, கழுத்தில சடைமயிர், ஈர மூக்கால ஆவி பறக்குது, எங்களைப் பாத்துக்கொண்டே புல்லைச் சப்புது. பிறகு காட்டுக்கோழி, கரடி மாதிரி மயிர் அடர்ந்த மந்தி ஒண்டு. மரமெல்லாம் குட்டை, தண்டு முழுக்கப் பாசி தொங்குது. நெலு எண்டு ஒரு செடியும் இருக்கு, 12 வருசத்துக்கொருக்காக் கூட்டமாப் பூக்குமாம், எங்கட குறிஞ்சியின்ர சொந்தம்தான், நாங்க போனது பூக்கிற வருசமில்லை. உலக முடிவு எண்டு சொல்லுற செங்குத்தான மலை விளிம்புக்குப் போகப் பத்து மணியாச்சு, ஒரே புகார், வெள்ளைச் சீலை கட்டின மாதிரி. ஒண்டும் தெரியேல்லை.

பேக்கர் நீர்வீழ்ச்சியில நான் கையை விட்டுக்கொண்டு அம்மாட்ட பெருமையாச் சொன்னன், பாருங்கோ இதுதான் எங்கட மூதூருக்கு வாற தண்ணி எண்டு. அவ உடன ஒரு போத்தல்ல பிடிச்சிட்டா. பக்கத்தில நிண்ட தோட்டத்துப் பெடியன் சிரிக்கிறான். "ஐயா, இது பெலிஹுல் ஓயாங்க, வளவை ஆத்துக்குப் போவுது, அம்பாந்தோட்டப் பக்கம்." மாவலி, களனி, வளவை மூண்டுக்கும் அந்த மலைதானாம் தலை, மாவலிக்குப் போறது அக்ரா ஓயா, அது மற்றப் பக்கத்தால இறங்குது. இவ்வளவு தூரம் போய் அடுத்தவன்ர ஆத்தைத் தொட்டிட்டு வந்திருக்கிறன் பார்.

போத்தல் இன்னும் பிரிட்ஜில நிக்குது. என்ன செய்யிறது எண்டு அம்மா கேக்கிறா. நீ ஆடிக்கு வாறாயெண்டா அக்ரா பக்கத்தால போவம், தடிச்ச ஜாக்கெட் ரெண்டு கொண்டு வா.

அப்பா