‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திவைப்பு மட்டுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கிலச் சொற்பட்டியலில் ‘புட் ஆஃப்’ என்பதற்கு ‘ஒத்திவை’ என்று ஒரே பொருள் தரப்பட்டிருந்தது. பொருள் சரிதான். ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, ‘தி நாய்ஸ் புட் ஹிம் ஆஃப்’ என்ற வரியைப் பார்த்தால் ‘சத்தம் அவனை ஒத்திவைத்தது’ என்றுதான் எழுதும். விடைத்தாள்களில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு இது.

‘புட்’ என்றால் போடு, வை. ‘ஆஃப்’ என்றால் இங்கே விலகி, அப்பால். நம் பேச்சில் புழங்கும் ‘தள்ளிப்போடு’ அச்சு அசலாக இதே கட்டுமானம். எனவே பொருளை உருப்போடுவதற்கு முன், ‘எது எதிலிருந்து தள்ளிப் போகிறது?’ என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். கூட்டம் குறித்த நாளிலிருந்து தள்ளிப் போனால் ஒத்திவைப்பு. கொடுத்த பணத்தைக் கேட்டு வந்தவரை, ‘அமாவாசை கழியட்டும், அடுத்த வாரம் வாங்க’ என்று வாசலோடு அனுப்பினால் அதுவும் ‘புட் ஆஃப்’தான், ஆளைச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பது. மனம் ஒரு பொருளிலிருந்து விலகினால் வெறுப்பு: குழம்பில் மிதக்கும் எண்ணெயைப் பார்த்ததுமே சாப்பிடும் ஆசை போய்விட்டது என்றால் ‘இட் புட் மீ ஆஃப் மை ஃபுட்’. இதிலிருந்து வந்த பெயரடை ‘ஆஃப்-புட்டிங்’. சொற்கள் இடம் மாறி, நடுவே இணைப்புக்கோடு வரும். பழைய பிரிட்டிஷ் வழக்கில் பஸ்ஸிலிருந்து பயணியை இறக்கிவிடுவதும் உண்டு: ‘புட் மீ ஆஃப் அட் ஆரப்பாளையம்’. இன்று ‘டிராப் மீ’ போதும்.

பரீட்சை நேரத்தில் தெருவில் மைக் செட் அலறினால் வருவது கவனச் சிதறல். இங்கேதான் தமிழ்ப் பிள்ளைகள் ‘புட் ஆஃப் மை அட்டென்ஷன்’ என்று எழுதுகிறார்கள். ‘கவனம்’ என்ற சொல்லே வேண்டாம். ‘புட் மீ ஆஃப்’ என்பதற்குள் அது அடங்கிவிட்டது. பொதுவாக, செயப்படுபொருள் வேலையோ நிகழ்ச்சியோ என்றால் தள்ளிப்போடுதல். ஆள் என்றால் மற்ற பொருள்களில் எது பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது சொல் நிற்கும் இடம். ‘புட் ஆஃப் தி மீட்டிங்’, ‘புட் தி மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரி. ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான் நிற்கும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ என்பது பிழை. நாளைச் சொல்ல ‘டில்’ சேர்க்க வேண்டும்: ‘புட் ஆஃப் டில் மண்டே’. இறந்தகாலத்திலும் ‘புட்’ மாறாது. ‘புட்டட் ஆஃப்’ என்று ஒட்டுப்போட வேண்டாம்.

பின்னால் வினை வந்தால் ‘-இங்’ வடிவம்தான். ‘புட் ஆஃப் டு கோ’ தவறு, ‘புட் ஆஃப் கோயிங்’ சரி. இதற்குத் தமிழே கைகொடுக்கிறது. ‘போகத் தள்ளிப்போட்டேன்’ என்று மேலூரிலும் யாரும் சொல்வதில்லை, உசிலம்பட்டியிலும் சொல்வதில்லை; ‘போவதைத் தள்ளிப்போட்டேன்’ என்கிறோம். அந்தப் ‘போவதை’தான் ‘கோயிங்’. ‘போக மறுத்தேன்’ என்பதில் ‘போக’ வருகிறது. அங்கே ‘ரெஃப்யூஸ்டு டு கோ’. எல்லா வினைக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. ‘அவர் வருவதை எதிர்பார்க்கிறேன்’ என்பது ஆங்கிலத்தில் ‘எக்ஸ்பெக்ட் ஹிம் டு கம்’ ஆகிவிடும். இருந்தாலும் ‘புட் ஆஃப்’, ‘ஸ்டாப்’, ‘கிவ் அப்’ மூன்றையும் இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மறப்பதில்லை.

பெரியவர்களும் தடுமாறும் இடம் அறிவிப்புப் பலகை. ‘கால்டு ஆஃப்’ என்றால் ரத்து. நிகழ்ச்சி வேறு நாளில் நடக்கும் என்றால் ‘புட் ஆஃப்’ என்று எழுதிப் புதிய தேதியைப் போட வேண்டும். மாற்றி எழுதினால் புதிய தேதியன்று யாரும் வரமாட்டார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைச் செய்திகளில் ‘ஒத்திவைப்பு’ வேறு, ‘தள்ளுபடி’ வேறு என்று சரியாகப் பிரித்து எழுதும் தங்கள் நாளிதழ், மாணவர் பக்கத்திலும் அந்தக் கவனத்தைக் காட்ட வேண்டும்.

எழுத்திலும் ஒரு கண் இருக்கட்டும். ‘ஆஃப்’ என்பதில் ‘எஃப்’ இரண்டு. ஒன்றை விட்டால் அது ‘ஆவ்’ என்று ஒலிக்கும் வேறு சொல்லாகிவிடும். கணினியின் எழுத்துப்பிழை திருத்தியும் அதைப் பெரும்பாலும் பிடிக்காது.

அடுத்த பட்டியலில், ஒவ்வொரு தொடருக்கும் பொருளோடு இரண்டு வாக்கியங்களாவது அச்சிடுங்கள். ஒன்றில் செயப்படுபொருள் ஆளாகவும், மற்றதில் வேலையாகவும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.