ஜோப் மசேகோவின் பதக்கம்: பேக்கர்டனிலிருந்து ஒரு நன்றி மடல்

பேக்கர்டன் ஊராருக்கும், குவாதேமாவிலிருந்தும் பெனோனியிலிருந்தும் வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

மரபுரிமை நாளன்று கோயில் மண்டபத்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் வைத்த கண்காட்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. "தமிழ் வகுப்புக்கும் ஜோப் மசேகோவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டீர்கள். இரண்டாம் உலகப் போரில் மிலிட்டரி மெடல் என்ற வீரப் பதக்கம் வாங்கிய மனிதர், நம் தென்னாப்பிரிக்க ஸ்பிரிங்ஸ் நகரத்துக்காரர், அது போதாதா? ஸ்பிரிங்ஸிலிருந்து குவாதேமாவுக்குப் போகும் சாலைக்கு அவர் பெயர்தான். அந்த வழியே போய்வரும் நம் பிள்ளைகளுக்கு அவர் யாரென்றே தெரியாமல் இருந்தது.

முதல் நன்றி குவாதேமாவின் அந்தப் பெரியவருக்கு. தங்கச் சுரங்கத்தில் வெடி வைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளிடம் நாங்கள் கதையை மட்டும் சொல்லியிருந்தோம். 1942 ஜூன் 21இல் லிபியாவின் டோப்ருக் துறைமுக நகரம் ஜெர்மானிய, இத்தாலியப் படைகளிடம் வீழ்ந்தது, ஆயிரக்கணக்கான தென்னாப்பிரிக்கர்களோடு லான்ஸ் கார்ப்பரல் மசேகோவும் கைதியானார், துறைமுகத்தில் எதிரியின் கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டார். ஜூலை 21 வாக்கில், பால் டின் ஒன்றில் வெடிமருந்தை அடைத்து, கப்பலின் அடித்தளத்தில் பெட்ரோல் பீப்பாய்களுக்கு நடுவே வைத்து, திரியை மேலே இழுத்துப் பற்றவைத்துவிட்டு இறங்கினார். கப்பல் மூழ்கியது. இதையெல்லாம் பிள்ளைகள் சினிமா போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் வந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். திரி எரிய எவ்வளவு நேரம், ஆள் ஏறி வெளியே வர எவ்வளவு நேரம் என்று மண்டபத்திலேயே நடந்து காட்டினார். மசேகோவும் சுரங்கத்தில் வேலை பார்த்தபோதுதான் இந்த வித்தையைக் கற்றவர் என்று அவர் சொன்ன பிறகு ஒரு சத்தம் இல்லை. பாபா, அன்று எங்கள் வகுப்பை நீங்கள்தான் நடத்தினீர்கள்.

இன்னொன்றையும் அவரே எடுத்துச் சொன்னார். கறுப்பின வீரர்களுக்கு அன்று துப்பாக்கி கொடுக்கவில்லை. மசேகோ அடிபட்டவர்களைத் தூக்கிச் செல்லும் பணிக்குப் பயிற்சி பெற்றவர். நம் இந்தியர்களும் மலாய்க்காரர்களும் சேர்ந்த படைப்பிரிவில் பலர் வண்டிதான் ஓட்டினார்கள். "எங்க தாத்தாவும் வடக்கே லாரி ஓட்டினார்" என்று வந்தவர்களில் ஒருவர் அப்போதுதான் வாய் திறந்தார். அவருக்கும் நன்றி. உங்கள் தாத்தாவின் படத்தைத் தேடி எடுத்துக் கொடுங்கள், அடுத்த ஆண்டுக்கு வேண்டும்.

பதக்கத்தின் நாடாவைத் தைத்துத் தந்த அத்தைக்கு என்ன சொல்வது! மிலிட்டரி மெடலின் நாடா கருநீலம். நடுவில் மூன்று வெள்ளைக் கோடு, இரண்டு சிவப்புக் கோடு. கடையில் அந்த நீலம் கிடைக்காமல் தன் பழைய பட்டுச் சேலையின் முந்தானையையே வெட்டிவிட்டார். மாமா இன்னும் கோபமாக இருப்பதாகக் கேள்வி.

ஜோகன்னஸ்பர்க் சாக்சன்வோல்டில் உள்ள போர் வரலாற்று அருங்காட்சியக ஊழியர்களுக்கும் நன்றி. போர்க்கால ஓவியர் நெவில் லூயிஸ் வரைந்த மசேகோ ஓவியத்தின் முன்னால் பிள்ளைகளை வேண்டிய மட்டும் நிற்க விட்டார்கள். வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸுக்கே மசேகோவின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, ஆப்பிரிக்கர் என்பதால்தான் மிலிட்டரி மெடலோடு நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லி வைத்தவர் அதே லூயிஸ்தான். இதைப் பலகையில் எழுதலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. எழுதினோம். எழுதியது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். 1952இல் ரயில் மோதி இறந்தபோது கடன் வாங்கித்தான் அவரை அடக்கம் செய்தார்கள் என்பதையும் எழுதினோம். கடற்படை தன் படகு ஒன்றுக்கு அவர் பெயரை வைக்க 1997 ஆகிவிட்டது.

பலகைகளை அச்சடித்துத் தருவதாகச் சொன்ன கடை கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாகத் தமிழிலும் ஜூலுவிலும் கையாலேயே எழுதி முடித்த இரண்டு அப்பாக்களுக்கும், எழுத்துப்பிழை பார்த்த ஜூலு ஆசிரியைக்கும், பிரியாணி கிண்டிய அண்ணன்மாருக்கும் பெரிய கும்பிடு.

பலகைகள் தீபாவளி வரை மண்டபத்தில் இருக்கும். பிறகு குவாதேமாவில் மசேகோ பெயரில் உள்ள தொடக்கப்பள்ளிக்குக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். தூக்கிப் போக பக்கி வண்டி (பின்னால் சாமான் ஏற்றும் சிறு வண்டி) வைத்திருப்பவர் யாராவது சொல்லுங்கள். அண்டா இரண்டு மண்டபத்திலேயே கிடக்கிறது. உங்களுடையதென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை